நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை: ஆன்லைன் சூதாட்டமும் நம் கையிலுள்ள போனும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள். அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ஒரு சகோதரர் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்பவர். முன்பெல்லாம் ஃபஜ்ருக்கு முதல் ஸஃப்பில் நிற்பார். ஒரு வருடமாக அவரைக் காணவில்லை. "நைட் ஷிஃப்ட் மாறியிருக்கும்" என்று நானே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு இருந்துவிட்டேன். ஒரு நாள்கூட வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அது என் தவறு. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

அருகில் போய் உட்கார்ந்தேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஹஜ்ரத், போன்ல ரம்மி விளையாடி நாலு லட்சத்துக்கு மேல விட்டுட்டேன். பொண்டாட்டி நகை அடகுல இருக்கு. லோன் ஆப்ல வாங்கின கடனுக்கு ராத்திரி பகலா போன் பண்றாங்க. போன வாரம் ஏரிக்கரை பக்கம் போய் உட்கார்ந்தேன். எதுக்குப் போனேன்னு உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து அவர் ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு கெடுக்கிற விஷயத்தை கவர்ன்மென்ட் ஏன் ஹஜ்ரத் விட்டு வச்சிருக்கு?"

இந்தக் கேள்வியைத்தான் இந்த வார ஜும்ஆவில் எடுத்துப் பேசினேன். நேரில் கேட்க முடியாதவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறேன்.

ஐந்து வருடக் கதை

அரசாங்கம் சும்மா விட்டுவிடவில்லை. நடந்ததை வரிசையாகப் பாருங்கள்.

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்கள் தற்கொலை செய்துகொள்ளும் செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, 2020 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. திறமையால் ஆடும் விளையாட்டையும் சேர்த்து முழுமையாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்று கூறி, 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு அறிக்கை தந்தது. அக்டோபரில் மீண்டும் அவசரச் சட்டம். அதே மாதம் 19ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. சுமார் ஐந்து மாதம் கழித்து, 2023 மார்ச்சில், மாநிலத்துக்கு இதில் அதிகாரம் இல்லை என்று கூறி ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். மார்ச் 23 அன்று சட்டமன்றம் இரண்டாவது முறை நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

மறுபடியும் வழக்கு. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது, வயது, நேரம் போன்றவற்றில் விதிமுறைகள் வகுத்துக்கொள்ளலாம் என்றது. அதன்படி 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வந்தன. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் ஆடக்கூடாது. ஆதார் வழியாக அடையாளம் காட்ட வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5 மணி வரை யாரும் உள்ளே நுழையக்கூடாது. இதையும் எதிர்த்து வழக்கு. 2025 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் அந்த விதிமுறைகளை உறுதி செய்தது.

பிறகு 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும், திறமையோ அதிர்ஷ்டமோ எதுவாயினும், தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் பல தங்கள் பண விளையாட்டுகளை நிறுத்திக்கொண்டன. அதற்கு எதிரான வழக்குகளும் உச்ச நீதிமன்றம் வரை போயின.

இரண்டு அவசரச் சட்டம், இரண்டு ஆட்சி, ஒரு குழு, மூன்று பெரிய தீர்ப்பு, கடைசியில் ஒரு மத்தியச் சட்டம். ஏறக்குறைய ஐந்து வருடம். நம் சகோதரர் தன் சம்பளத்தைத் தோற்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு இரவு.

ஏன் இவ்வளவு கடினம்?

பழைய காலத்தில் சூதாட்டம் ஒரு இடத்தில் நடந்தது. ஒரு கதவு இருந்தது. போலீஸ் அந்தக் கதவைத் தட்டியது. இன்று அந்தக் கதவு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இதனால் வரும் சிக்கல்கள் மூன்றைப் புரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, சட்டத்தின் சொற்கள் பழையவை. ரம்மி பெரும்பாலும் திறமை விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1968இல். செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்து சீட்டைக் கையில் பிடித்து ஆடியவர்கள் பற்றிய வழக்கு அது. இன்று எதிரில் ஆடுபவர் யார் என்று தெரியாது. சீட்டைக் கலைப்பது கம்ப்யூட்டர். ஆட்டத்துக்கு முடிவு நேரமும் கிடையாது. ஆனாலும் வாதம் அந்தப் பழைய தீர்ப்பிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இணையத்துக்கு எல்லைக்கோடு இல்லை. சூதாட்டம் மாநிலத்தின் அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஆப் நடத்துபவர் வேறு மாநிலத்தில் இருப்பார். கிரிக்கெட் பந்தயம் கட்டும் தளங்கள் பல, கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவு போன்ற இடங்களில் உரிமம் வாங்கியவை. ஒரு தளத்தை முடக்கினால் பெயரில் ஓர் எழுத்தையோ எண்ணையோ மாற்றி மறுநாள் இன்னொன்று திறக்கிறார்கள். வி.பி.என். போட்டால் முடக்கியதும் திறக்கிறது.

மூன்றாவது, கட்டுப்பாடு என்றாலே கண்காணிப்பு வந்துவிடுகிறது. யார் ஆடுகிறார், எத்தனை வயது என்று தெரிய ஆதார் கேட்க வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நிறுவனங்கள் அதைக் காட்டி வாதிட்டன. மக்களின் உயிரையும் உடல்நலத்தையும் காக்க நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. இந்தக் கவலையை நாம் அலட்சியப்படுத்த முடியாது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்பது நமக்கும் இறைக்கட்டளை (அல்குர்ஆன் 49:12). தீமையைத் தடுக்கவும் வேண்டும். எல்லோரையும் வேவு பார்க்கும் நிலையும் வரக்கூடாது. இரண்டுக்கும் நடுவே கோடு போடுவது அரசுக்கும் எளிதல்ல, நாளை உங்கள் பிள்ளையின் போனை வாங்கிப் பார்க்கும்போது உங்களுக்கும் எளிதல்ல.

குர்ஆன் கேட்கும் கேள்வி

நீதிமன்றங்கள் இத்தனை வருடம் கேட்ட கேள்வி, "இது திறமையா, அதிர்ஷ்டமா?" என்பது. குர்ஆன் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

மது, சூதாட்டம் ஆகியவற்றை ஷைத்தானின் அசுத்தமான செயல்கள் என்று சொல்லி விலகிக்கொள்ளக் கட்டளையிடும் அல்லாஹ், அடுத்த ஆயத்திலேயே காரணத்தையும் தெளிவாக்குகிறான். இவற்றின் மூலம் உங்களுக்கிடையே பகைமையையும் வெறுப்பையும் உண்டாக்கவும், இறைநினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கவுமே ஷைத்தான் விரும்புகிறான் என்பது அதன் கருத்து (அல்குர்ஆன் 5:90, 91). மனிதனுக்கு இது என்ன செய்கிறது என்பதே அங்கே அளவுகோல்.

நம் சகோதரரின் கதையை இந்த ஆயத்தில் வைத்துப் பாருங்கள். மனைவியிடம் பொய். மைத்துனருடன் பணத் தகராறு. ஃபஜ்ர் போயிற்று. ஆயத்தில் சொன்ன இரண்டும் அப்படியே நடந்திருக்கிறது.

மார்க்கச் சட்ட அறிஞர்கள் சூதாட்டத்தை எப்படி அடையாளம் காட்டுகிறார்கள்? ஆடுபவர்கள் பணம் கட்ட, ஒருவரின் இலாபம் மற்றவரின் நஷ்டமாகவே இருக்குமானால் அது கிமார், சூது. ரம்மியில் கணக்குப் போடும் திறமை இருக்கலாம். அந்தத் திறமை, கட்டிய பணத்தை ஹலாலாக்கிவிடாது. "நான் கிரிக்கெட்டை நன்றாகப் புரிந்துகொண்டு டீம் போடுகிறேன், இது எப்படிச் சூது?" என்று கேட்கும் தம்பிகளுக்கு இதுதான் பதில்.

"அரசுக்கு வரி வருகிறதே, பலருக்கு வேலை கிடைக்கிறதே" என்று சொன்னவர்களும் உண்டு. உண்மைதான். 2023 அக்டோபர் முதல் இந்த விளையாட்டுகளில் கட்டும் பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலிக்கப்பட்டது. மதுவிலும் சூதிலும் மனிதர்களுக்குச் சில பயன்கள் உண்டு என்பதைக் குர்ஆனும் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் பாவம் பயனைவிடப் பெரியது என்று தீர்ப்பளிக்கிறது (அல்குர்ஆன் 2:219).

மதீனாவின் தெருக்கள்

மதுவும் சூதும் ஒரே ஆயத்தில் தடைசெய்யப்பட்டன. அந்தத் தடை எப்படி நடைமுறைக்கு வந்தது தெரியுமா?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் விருந்தினர்களுக்கு அவர்கள்தாம் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஒருவர் சத்தமாக ஏதோ அறிவிக்கும் குரல் கேட்டது. என்னவென்று பார்த்தால், மது தடைசெய்யப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு. உடனே அபூதல்ஹா (ரலி) அவர்கள் இருந்ததையெல்லாம் கொட்டிவிடச் சொன்னார்கள். அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது (நூல்: புகாரி, முஸ்லிம்). வழக்கு இல்லை, வாய்தா இல்லை. ஒரு குரல் போதுமானதாக இருந்தது.

அது ஒரே நாளில் வந்த மாற்றமும் அல்ல. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இதை அழகாக விளக்குகிறார்கள். குர்ஆனில் முதலில் இறங்கியவை சொர்க்கத்தையும் நரகத்தையும் பற்றிய வசனங்கள். மக்கள் இஸ்லாத்தில் உறுதியான பிறகே ஹலால், ஹராம் சட்டங்கள் இறங்கின. முதலிலேயே மது அருந்தாதீர்கள் என்று இறங்கியிருந்தால், நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம் என்றே மக்கள் சொல்லியிருப்பார்கள் என்பது அவர்களின் விளக்கம் (நூல்: புகாரி).

மறுபக்கம் அமெரிக்காவைப் பாருங்கள். 1920இல் அரசியல் சட்டத்தையே திருத்தி நாடு முழுவதும் மதுவிலக்கைக் கொண்டுவந்தார்கள். அதிகாரம் இருந்தது, போலீஸ் இருந்தது, பணம் இருந்தது. கள்ளச் சாராயமும் கடத்தல் கும்பல்களும் பெருகின. 1933இல் இன்னொரு திருத்தம் செய்து அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கினார்கள்.

இதனால் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மதீனாவிலும் சட்டம் இருந்தது, தண்டனையும் இருந்தது. ஆன்லைன் சூதைத் தடுக்கும் சட்டத்தை நாம் மனதார வரவேற்க வேண்டும். அது பல குடும்பங்களுக்கு எளிதில் விழாதபடி ஒரு வேலி. ஆனால் உள்ளத்துக்குள் காவல் இல்லாதவன் வேலியில் சந்து தேடுவான். இணையத்தில் சந்துக்குப் பஞ்சமில்லை.

அந்தச் சகோதரரின் கேள்விக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: "தம்பி, கவர்ன்மென்ட் விட்டு வைக்கல. ஓடி ஓடிப் பிடிக்கப் பார்க்குது. ஆனா அது உங்க போன் வரைக்கும்தான் வர முடியும். உங்க விரல் வரைக்கும் வர முடியாது."

கப்பலில் ஓட்டை

"என் போன், என் காசு, என் விருப்பம்" என்பவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் ஓர் உவமை சொல்லியிருக்கிறார்கள். ஒரு கப்பலில் சிலருக்கு மேல்தளமும் சிலருக்குக் கீழ்த்தளமும் சீட்டுக் குலுக்கலில் கிடைத்தன. கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வர வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை தராமல் நம் பங்கிலேயே ஓர் ஓட்டை போட்டுக்கொள்வோமே என்று அவர்கள் நினைத்தார்கள். மேலே உள்ளவர்கள் அதை விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்பிப்பார்கள் (நூல்: புகாரி).

கவனியுங்கள். ஓட்டை போட்டவர்களின் எண்ணம் கெட்டதல்ல. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்றே நினைத்தார்கள். நம் சகோதரரும் யாருக்கும் தொந்தரவு தராமல் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டுதான் விளையாடினார். தண்ணீர் அவருடைய மனைவி, பிள்ளைகள், அவருக்குக் கடன் கொடுத்த நண்பர்கள் எல்லோர் காலையும் நனைத்தது. மேல்தளத்தில் இருந்த நானோ, ஃபஜ்ரில் அவர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை.

இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. ஒருவர் தன் தோழரிடம் "வா, சூது ஆடலாம்" என்று சொல்லிவிட்டாலே, அதற்காக அவர் தர்மம் செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). ஆடக்கூட இல்லை, அழைத்ததற்கே பரிகாரம்! "இந்த லிங்க்கில் சேர்ந்தால் உனக்கும் எனக்கும் போனஸ்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அதுவும் இந்த அழைப்புதான். நம் சகோதரரை உள்ளே இழுத்ததும் கூட வேலை செய்தவர் அனுப்பிய ஒரு லிங்க்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று, அழைக்காதீர்கள். பணம் வைத்து ஆடும் எந்த ஆப்பின் லிங்க்கையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். குழுக்களில் வந்தால் நீக்குங்கள். முன்பு அனுப்பியிருந்தால் இன்றே ஸதகா கொடுத்து தவ்பா செய்யுங்கள். அனுப்பியவரிடம் "விட்டுவிடு" என்று சொல்லுங்கள்.

இரண்டு, வீட்டில் பேசுங்கள். நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளர். பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவீர்கள் என்பது நபிமொழி (நூல்: புகாரி, முஸ்லிம்). உங்கள் யு.பி.ஐ. பின் நம்பர் பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. அதே சமயம், அவனுக்குத் தெரியாமல் போனைத் திருடிப் பார்ப்பதைவிட அவனுடன் உட்கார்ந்து "இது என்ன ஆப், இதில் காசு கேட்கிறதா?" என்று கேட்பது நல்லது. ஒளிக்கக் கற்றுக்கொடுக்காதீர்கள், சொல்லக் கற்றுக்கொடுங்கள்.

மூன்று, விழுந்தவரை எட்டி உதைக்காதீர்கள். "விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்துகிறேன்" என்பதுதான் இதில் மிகப் பெரிய வலை. அதற்காகக் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஆனால் மனிதரைக் கைவிடாதீர்கள். ஆன்லைனில் பண மோசடி நடந்திருந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். லோன் ஆப் ஆட்கள் மிரட்டினால் போலீஸில் புகார் கொடுக்கத் தயங்காதீர்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம், கட்டணம் இல்லை. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். எந்தக் கடனும் அதைவிடப் பெரியதல்ல.

நான்கு, ஜமாஅத்தின் கடமை. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களும் உண்டு (அல்குர்ஆன் 9:60). பாவத்தில் பட்ட கடனாக இருந்தாலும், உண்மையாக தவ்பா செய்து விலகியவருக்கு அதிலிருந்து கொடுக்கலாம் என்று உலமாக்கள் பலர் கூறியிருக்கிறார்கள். பணத்தை அவர் கையில் தராமல் கடன் கொடுத்தவரிடமே நேரடியாகச் செலுத்துவது பாதுகாப்பானது.

ஐந்து, அந்த ஐந்து மணி நேரம். நள்ளிரவு 12 முதல் 5 மணி வரை ஆடக்கூடாது என்று விதிமுறை போட வேண்டிய நிலை நாட்டுக்கு ஏன் வந்தது? மனிதன் தனியாக, களைப்பாக, யாரும் பார்க்காத நேரத்தில் இருக்கும்போதுதான் அதிகம் இழக்கிறான். ஆனால் அதே நேரத்துக்குள்தான் இரவின் கடைசி மூன்றில் ஒரு பகுதியும் வருகிறது. கேட்பவருக்குக் கொடுப்பதற்கும், மன்னிப்புத் தேடுபவரை மன்னிப்பதற்கும் அல்லாஹ் தன் அடியார்களை அழைக்கும் நேரம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன நேரம் அது (நூல்: புகாரி, முஸ்லிம்). அரசு அந்த நேரத்தில் ஆப்பை மூடச் சொன்னது. நாம் போனை இஷாவுக்குப் பிறகு படுக்கை அறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குவோம். விழிப்பு வந்தால் தஹஜ்ஜுத் தொழுவோம்.

அந்தச் சகோதரர் இப்போது ஸ்மார்ட்போன் வைத்திருக்கவில்லை. பட்டன் போன்தான். சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போகிறது. கடன் இன்னும் முடியவில்லை, மாதாமாதம் அடைக்கிறார். நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. ஆனால் கடந்த திங்கட்கிழமை ஃபஜ்ருக்கு இகாமத் சொல்லும்போது திரும்பிப் பார்த்தேன், முதல் ஸஃப்பில் நின்றுகொண்டிருந்தார். கூடவே பதின்ம வயது மகனும் நின்றான்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். இந்த வாரம் எந்த ஸஃப்பில் யார் இடம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். நைட் ஷிஃப்ட் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள்.

யா அல்லாஹ்! ஹராமை விட்டும் காத்து, ஹலாலைக் கொண்டு எங்களுக்குப் போதுமாக்குவாயாக! கடனில் மூழ்கியவர்களின் கடனை எளிதாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் கண்களையும் விரல்களையும் உள்ளங்களையும் பாதுகாப்பாயாக! எங்கள் நாட்டை ஆள்பவர்களுக்கு மக்களின் நலன் காக்கும் நல்ல சட்டங்களை இயற்றவும் நிறைவேற்றவும் நல்லருள் புரிவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.